வாய்க்காலில் நின்ற விவேகம்

நெட்டேரி நத்தத்துக்கு விவேகம் ஆடி மாதத்தில் வந்தது. அதற்கு முன்பு அந்த ஊரில் வெறும் விவசாயம்தான் இருந்தது.

கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி மேற்கே போகிற சாலையில் இருக்கிறது ஊர். பாகூர் ஏரிப் பாசனத்தின் கடைக்கோடி. ஏரி நிறைந்தால் பள்ளத்தில் நெல், மேட்டில் கரும்பு. மழை மிஞ்சிவிட்டால் சுற்றுப்பட்டு வயல்களின் தண்ணீரெல்லாம் இந்த ஊர் முகப்பில் சாலையை ஒட்டி ஓடுகிற வடிவாய்க்கால் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த வாய்க்காலுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. தண்ணீர் வடிந்தவரை யாரும் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

வில்லியனூரில் மாடிக் கட்டடம் ஒன்றில் இயங்கிவந்த ‘காலநிலை விவேக வேளாண்மை நடுவம்’ தன்னுடைய முதல் மாதிரிக் கிராமமாக நெட்டேரி நத்தத்தைத் தேர்ந்தெடுத்தது. தேர்வுக்கு அறிவியல் காரணங்கள் பல இருந்தனவாம். ஊர்க்காரர்களுக்குப் புலப்பட்டது ஒன்றுதான். நடுவத்தின் இயக்குநர் எழிலரசனின் கார் நீளமானது. அதைத் திருப்ப இடமிருந்த ஊர் அந்தப் பக்கத்தில் இது ஒன்றே.

மாரியம்மன் கோயில் எதிரே பந்தல் போட்டு முதல் கூட்டம் நடந்தது. எழிலரசன் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

“விவசாயப் பெருங்குடி மக்களே! வானிலை மாறிவிட்டது. இது உங்களுக்குத் தெரியாது. தெரியாது என்பதும் உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் நாங்கள் வந்திருக்கிறோம்.”

முன்வரிசையில் செங்கமலம் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் புகழ்வேந்தன் திருபுவனையில் ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறவன். நிலத்தைப் பார்ப்பது அவள்தான். அந்த வருஷம் விட்ட நாற்றங்கால் வெயிலில் கருகிப்போய் இரண்டாம் தடவை விதை விட்டிருந்தாள். வானிலை ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது என்று அவளுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. ஒரு பெரிய மனிதர் மைக்கில் சொல்லி அது உறுதியானதும் அவளுக்கு ஏதோ நிம்மதியாகக்கூட இருந்தது.

“அதோ, அந்த மாடு யாருடையது?” என்று கேட்டார் இயக்குநர்.

“என்னுதுதான் சார்” என்று செங்கமலம் எழுந்து நின்றாள்.

“அது ஏப்பம் விடுகிறதா?”

“விடும் சார். மாடாச்சே.”

“அந்த ஒவ்வோர் ஏப்பமும் இந்தப் பூமியைச் சூடாக்குகிறது, அம்மா!”

கூட்டம் மொத்தமும் திரும்பி மாட்டைப் பார்த்தது. மாடு வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. பந்தலுக்குப் பக்கத்தில், இயக்குநர் திரும்பி வந்து ஏறும்போது இருக்கை சுடக் கூடாது என்பதற்காக, காரின் இன்ஜின் கூட்டம் தொடங்கியதிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தது.

அதன் பிறகு எல்லாரும் வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். தங்கள் மாட்டின் ஏப்பத்துக்கும் தங்கள் வயலிலிருந்து கிளம்பும் வாயுவுக்கும் தாங்களே பொறுப்பு என்று ஒப்புக்கொண்டார்கள். கேட்ட கேள்விக்கு எழுந்து நின்று பதில் சொன்ன ஒரே ஆள் என்பதால் செங்கமலத்தை அந்த ஊரின் ‘காலநிலைத் தோழி’யாக அறிவித்தார்கள். பச்சை நிறத்தில் ஒரு பட்டையைத் தோளில் குறுக்கே போட்டு, பச்சைத் தொப்பியும் மாட்டிவிட்டார்கள். தொப்பி கொண்டைமேல் நிற்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊருக்கு நல்லது செய்ய வந்திருக்கிறார்கள் என்று நம்பினாள். வீட்டுக்கு வந்து பட்டையை மடித்து வைக்கும்போது புகழ்வேந்தன் சிரித்தான்.

“தோழின்னா இன்னா வேலை?”

“அவங்க சொல்றத நம்ம ஜனத்துக்குச் சொல்லணும். நம்ம ஜனம் சொல்றத அவங்களுக்குச் சொல்லணும்.”

“அப்போ மொதல்ல அந்த வாய்க்காலைத் தூர் வாரச் சொல்லு. போன மழைக்கே தண்ணி வடியக் கஷ்டப்பட்டுச்சு.”

“அதத்தான் நானும் நெனச்சுக்கினு இருக்கேன்” என்றாள் செங்கமலம்.

அடுத்த மாதம் பயிற்சி வைத்தார்கள். விவசாயிகளுக்குக் காலநிலைக் கொள்கையைப் புரியவைப்பது நோக்கம். கொள்கை வயலில் புரியாது என்பதால் பாண்டியில் கடற்கரையோரம் ஒரு ஓட்டலில் வைத்துப் புரியவைத்தார்கள். ஏசி குளிரில் நத்தத்து ஆண்கள் துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். பெண்கள் முந்தானையைப் போர்த்திக்கொண்டார்கள். திரையில் வட்டங்களும் அம்புக்குறிகளும் வந்தன. ஒரு வட்டத்திலிருந்து கிளம்பிய அம்பு பல வட்டங்களைச் சுற்றிவிட்டு, கிளம்பிய வட்டத்துக்கே வந்து சேர்ந்தது. எழிலரசன் அதை ‘ஒருங்கிணைந்த அணுகுமுறை’ என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். தட்டினால் கை கொஞ்சம் சூடானது.

நடுநடுவே “தணிப்போம்! தகவமைவோம்!” என்று முழங்க வேண்டியிருந்தது. செங்கமலமும் முழங்கினாள். முழங்கிவிட்டு, பக்கத்தில் நின்ற சுகன்யாவிடம் மெதுவாகக் கேட்டாள். சுகன்யா நடுவத்தின் களப்பணியாளர். வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டால்தான் வேலை என்கிற நிலையில் இருந்த பெண்.

“தணிப்புன்னா இன்னாம்மா?”

“பூமி சூடாவாம தடுக்கிறது அக்கா.”

“தகவமைப்புன்னா?”

“தடுக்க முடியாம வந்துட்டுதுன்னு வச்சுக்கங்க. அதுக்கேத்த மாதிரி இருந்துக்கிறது.”

“யாரு இருந்துக்கிறது?”

சுகன்யா கொஞ்சம் யோசித்தாள். “நீங்கதான் அக்கா” என்றாள்.

கேள்வி நேரத்தில் செங்கமலம் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “சார், எங்க ஊரு வடிவாய்க்கால் தூர்ந்து கெடக்குது. அதப்பத்திக் கொள்கையில ஏதாச்சும் சொல்லியிருக்குதா சார்?”

எழிலரசன் புன்னகை செய்தார். “நல்ல கேள்வி. கொள்கை என்பது மேல்மட்டத்தில் இருப்பது, அம்மா. நீங்கள் கேட்பது கீழ்மட்டம். கொள்கையைக் கீழே இறக்கினால் அது கொள்கையாக இருக்காது. ஆனால் உங்கள் ஊருக்கு ஒரு கட்டுமானம் வரப்போகிறது. அதை மட்டும் இப்போது சொல்லிவைக்கிறேன்.”

மதகு கட்டப்போகிறார்கள் என்று செங்கமலம் நினைத்துக்கொண்டாள். ஊருக்கு வந்து வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்.

புரட்டாசியில் ஜல்லியும் சிமெண்டும் வந்து இறங்கின. கட்டப்பட்டது மதகு இல்லை. ஆர்ச்சு. ‘காலநிலை விவேகக் கிராமம் தங்களை அன்புடன் வரவேற்கிறது’ என்று எழுதி, ஒரு பக்கம் பூமி உருண்டை, இன்னொரு பக்கம் சிரிக்கிற விவசாயி. ஆர்ச்சின் வலதுகால் கோயில் பக்கத்துப் புறம்போக்கில் இறங்கியது. இடதுகாலைச் சாலையோரத்தில் இறக்கினால் இயக்குநரின் கார் திரும்புவதற்கு இடையூறாக இருக்கும் என்று வாய்க்காலுக்குள் இறக்கினார்கள். இறக்கி, அதைச் சுற்றிப் பெரிய மேடையும் கட்டினார்கள். தண்ணீர் போவதற்கு என்று அடியில் ஒரு குழாய் வைத்தார்கள். குடத்தின் வாய் அகலம் இருக்கும்.

செங்கமலத்தின் பக்கத்து நிலத்துக்காரி காசம்மாள் மேடைமேல் நின்று குனிந்து குழாயைப் பார்த்தாள். “இன்னாடி இது? இதுல பூனகூடப் பூந்து போவாது. ஏரித் தண்ணி போவுமா?”

செங்கமலத்துக்கும் உறுத்தத்தான் செய்தது. சுகன்யாவிடம் சொன்னாள். சுகன்யா, “நான் மேல சொல்றேன் அக்கா” என்றாள். சொன்னாள். அவள் சொன்னது மேலே போனது. போனது போனதுதான்.

“படிச்சவங்க, கணக்குப் போடாமலா கட்டுவாங்க?” என்று செங்கமலம் காசம்மாளிடம் சொன்னாள். காசம்மாள் அவளை நம்பினாள். ஊரும் நம்பியது.

கார்த்திகையில் புயல் வந்தது. நெல் பொதி கட்டி, கதிர் வெளியே தலைகாட்டுகிற நேரம். ஓட்டுக்கூரைகள் பறந்தன, முருங்கை மரங்கள் முறிந்தன. ஒரு பகலும் இரவும் மழை கொட்டிவிட்டு ஓய்ந்தது. மழை ஓய்ந்ததும் ஊர் மூச்சு விட்டது. இனி தண்ணீர் வடிந்துவிடும், பயிர் ஒருவாறு எழுந்துகொள்ளும். அப்படித்தான் எப்போதும் நடந்திருக்கிறது.

தண்ணீர் வடியவில்லை. வெயில் அடித்த பிறகும் வடியவில்லை. மேலேயிருந்து வந்துகொண்டிருந்த தண்ணீரும் சேர்ந்து ஏறியது. செங்கமலம் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வரப்பில் கால் வைத்துத் தடவித் தடவி ஊர் முகப்புக்குப் போனாள். மேடைக்கு மேற்கே தண்ணீர் குளம்போல் நின்றது. வாழைத்தண்டு, பாலித்தீன், செத்த கோழி, எல்லாம் வந்து குழாயின் வாயை அடைத்திருந்தன. கையை விட்டுத் துழாவினாள். உள்ளே பாதிக் குழாய்க்குச் சிமெண்டுக் கலவை இறுகிக் கிடந்தது. மேடைக்குக் கிழக்கே வாய்க்கால் கிட்டத்தட்டக் காலியாக இருந்தது. தலைக்கு மேலே சிமெண்டு விவசாயி சிரித்துக்கொண்டிருந்தார்.

அவள் ரவிக்கைக்குள் செருகியிருந்த போன் கிணுகிணுத்தது. நடுவத்திலிருந்து குறுஞ்செய்தி. ‘அன்புள்ள விவசாயத் தோழரே! உங்கள் பகுதியில் மழைக்கு வாய்ப்புள்ளது. வடிகால்களில் அடைப்பு ஏற்படாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை.’

இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்து முடித்தபோது காசம்மாள் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

“ஒன்ன நம்பித்தானேடி சும்மா வுட்டோம்” என்றாள் காசம்மாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

செங்கமலம் நடுவத்தின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். இனிமையான பெண்குரல் பேசியது. வறட்சி பற்றி அறிய எண் ஒன்றை அழுத்தவும். வெப்ப அலை பற்றி அறிய எண் இரண்டை அழுத்தவும். எங்கள் சேவையைப் பாராட்ட எண் மூன்றை அழுத்தவும். மீண்டும் கேட்டாள். மீண்டும் அதுதான். வேறு வழி தெரியாமல் மூன்றை அழுத்தினால் யாராவது ஆள் எடுப்பார்களா என்று அழுத்திப் பார்த்தாள். “மிக்க நன்றி” என்றது குரல். இணைப்பு அறுந்தது.

மறுநாள் காலை ஈரச் சேலையோடு பஸ் பிடித்து வில்லியனூர் போனாள். தோளில் பச்சைப் பட்டையைப் போட்டுக்கொண்டு போனாள், அதைப் பார்த்தாலாவது உள்ளே விடுவார்கள் என்று. விட்டார்கள். மாடியில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ‘சொட்டு நீர், சொக்கத் தங்கம்’ என்று பின்னால் பேனர். வெளியே மழை மறுபடியும் பிடித்துக்கொண்டதால் இயக்குநர் கொஞ்சம் சத்தம் கூட்டிப் பேச வேண்டியிருந்தது.

சுகன்யா அவரிடம் போய்க் காதில் சொன்னாள். எழிலரசன் செங்கமலத்தைத் தன் அறைக்கு வரச் சொன்னார். மைக் இல்லாத இடத்திலும் அவர் மைக் இருப்பதுபோலவே பேசுவார்.

“சொல்லுங்கள் தோழி. நேற்று நீங்கள் எங்கள் சேவையைப் பாராட்டியதாகப் பதிவாகியிருக்கிறது. மகிழ்ச்சி.”

“சார், ஆர்ச்சுக் காலு வாய்க்கால அடைச்சிக்கினு இருக்குது. பயிரு மொத்தமும் தண்ணிக்குள்ள. ஒரு ஜேசிபிய அனுப்பி அந்த மேடைய மட்டும் ஒடச்சு வுட்டீங்கன்னா, இன்னிக்கே வடிஞ்சிடும். நாளைக்குன்னா அழுவிப்பூடும் சார்.”

“ஒரு சிக்கல் இருக்கிறதே” என்றார் எழிலரசன். “இந்த ஆண்டு எங்களுடைய கருப்பொருள் வறட்சி. வெள்ளம் அடுத்த ஆண்டுதான். வறட்சி ஆண்டில் நாங்கள் வெள்ளத்தைக் கவனித்தால், அடுத்த ஆண்டு எதைக் கவனிப்பது?”

“தண்ணி இந்த வருஷமே வந்துடுச்சே சார்.”

“அது தண்ணீரின் ஒழுங்கின்மை. அதற்கு நாங்கள் பொறுப்பாக முடியாது. மேலும், வெள்ளிக்கிழமை நிதி தருபவர்களின் மதிப்பீட்டுக் குழு வருகிறது. நேராக உங்கள் ஊருக்குத்தான். அவர்கள் பார்க்கப்போவது அந்தத் தோரணவாயிலைத்தான். அதை உடைக்கச் சொல்கிறீர்கள்! நெல் வருஷா வருஷம் வரும், தோழி. மதிப்பீட்டுக் குழு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும்.”

சொன்னதை அவர் நிஜமாகவே நினைத்துத்தான் சொன்னார் என்பது செங்கமலத்துக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“உங்களை வெறுங்கையோடு அனுப்ப மாட்டேன்” என்றார் அவர். மணியை அடித்தார். நடுவத்தின் ‘வறட்சிகாலத் தொகுப்பு’ ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்கள். சுருட்டிய சொட்டுநீர்க் குழாய், ஒரு துண்டு நிழல்வலை, ஒரு பூவாளி. கொடுப்பதைப் போட்டோ எடுத்தார்கள். கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்கள்.

திரும்பி வரும்போது பஸ் முழுக்க நனைந்த ஜனம். ஜன்னல் ஷட்டர் ஒழுகியது. கண்டக்டர் அவள் மடியில் இருந்த பூவாளியைப் பார்த்தார்.

“இன்னாமா, இந்த மழையில எந்தச் செடிக்குத் தண்ணி ஊத்தப் போற?”

பஸ் சிரித்தது. செங்கமலம் சிரிக்கவில்லை. பஸ் கிருமாம்பாக்கம் வந்து சேரும்வரை அவளுக்குள்ளே ஏதோ ஒன்று கொதித்துக்கொண்டே வந்தது. இத்தனை நாள் அவளுக்கு இருந்தது கூச்சம், குழப்பம், படித்தவர்களிடம் பேசுகிறபோது வருகிற பயம். அதெல்லாம் வழியில் எங்கோ இறங்கிப் போயிருந்தது. வீட்டுக்கு வந்தாள். பூவாளியை மாட்டுக்கொட்டகையில் போட்டாள். கடப்பாரையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மேடையில் விழுந்த முதல் அடிக்கு ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. நாலைந்து அடிக்குப் பிறகு பெயர்ந்தது. சிமெண்டை மிச்சம் பிடித்துத்தான் கட்டியிருந்தார்கள். உள்ளே பாதி மணல். ஊருக்கு அவர்கள் செய்த ஒரே நன்மை அதுதான். சத்தம் கேட்டு காசம்மாள் வந்தாள். திரும்பிப் போய்ச் சம்மட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். அதன் பிறகு தெருவே வந்தது.

சுகன்யா ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தபோது மேடை போய்விட்டது. தூணும் அதன் அடிக்கட்டும் மட்டும் தண்ணீரை மறித்து ஆடிக்கொண்டு நின்றன. யாரோ அதற்குள் அலுவலகத்துக்குப் போன் போட்டிருக்கிறார்கள். அவள் கையிலிருந்த போனில் எழிலரசனின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

“செங்கமலம் அவர்களே! நீங்கள் இடிப்பது ஒரு தூணை அல்ல. ஒரு தொலைநோக்கை! சற்று நிதானித்து...”

“எல்லாம் தள்ளி நில்லுங்கடி!” என்று கத்தினாள் காசம்மாள். ஆர்ச்சோடு தூண் சாய்ந்தது. பூமி உருண்டையும் சிரித்த விவசாயியும் வாய்க்காலுக்கு அப்பால் குப்புற விழுந்தார்கள்.

“சுகன்யா! அது என்ன சத்தம்?”

“தொலைநோக்கு சார்” என்றாள் சுகன்யா. “விழுந்துடுச்சு.”

தண்ணீர் ஒரு கணம் தயங்கி நின்றது. அப்புறம் இரைச்சலோடு கிழக்கே பாய்ந்தது. பொழுது சாய்வதற்குள் சற்று மேடான நெல்வயல்களில் பயிரின் நுனி தெரிந்தது. காசம்மாளுக்குப் பாதி தேறியது. இன்னும் பலருக்குக் கொஞ்சம் கொஞ்சம் தேறியது. செங்கமலத்தின் நிலம் எல்லாவற்றிலும் பள்ளம். தண்ணீர் கடைசியாக அங்கேதான் வடிந்தது. வடிந்தபோது பயிர் சேற்றோடு படிந்து நாற்றமடித்தது. ஒரு பிடியைப் பிடுங்கிப் பார்த்தாள். தண்டு விரலுக்குள்ளேயே நசுங்கியது. பொதிக்குள் இருந்த கதிர் பழுப்பாகியிருந்தது.

வியாழக்கிழமை எழிலரசன் அவள் வீட்டுக்கே வந்தார். காசம்மாளும் அங்கே இருந்தாள். போலீசோடு வருவார் என்று எதிர்பார்த்தார்கள். பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார்.

“நடந்தது நடந்துவிட்டது. நாளைக்குக் குழு கேட்டால், தோரணவாயிலைப் புயல் சாய்த்தது என்று சொல்லுங்கள். தோழி என்ற முறையில் நீங்கள்தான் பேச வேண்டும்.”

“பொயலுக்கு அது அசையக்கூட இல்லியே சார்.”

“யோசித்துப் பாருங்கள். நீங்கள் இடித்தால் அது குற்றம். புயல் சாய்த்தால் அது காலநிலைப் பாதிப்பு. காலநிலையால் பாதிக்கப்பட்ட கட்டுமானத்துக்கு நிதி உண்டு. இதைவிடப் பெரிதாகவே கட்டலாம்.”

“எங்க பயிருக்கு?”

“அதே பரிந்துரையில் பயிர்களையும் சேர்த்துவிடுகிறேன். ஊரில் எல்லாருக்கும் நிவாரணம் கிடைக்கும். போலீசுக்குப் புகாரும் போகாது. நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே வரி.”

அவர் போன பிறகு காசம்மாள் சொன்னாள், “சொல்லிட்டுப் போடி. ஊருக்கே சோறு. காத்து இன்னா, வந்து சாட்சி சொல்லவா போவுது?”

செங்கமலம் தலையாட்டினாள். சொல்லிவிடுவது என்றுதான் முடிவு செய்தாள். அதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஊர் முகப்பில் ஆர்ச்சு மறுபடியும் நின்றது. இரண்டு சவுக்குக் கட்டைகளை நட்டு, இடிந்த ஆர்ச்சின் போட்டோவை அதே அளவில் பிளெக்ஸ் அடித்து மாட்டியிருந்தார்கள். மதிப்பீட்டுக் குழு அதற்குக் கீழே நடந்து உள்ளே வந்தது. ஒரு ஆள் அண்ணாந்து பார்த்து, ஆர்ச்சு காற்றில் படபடப்பதைக் கண்டு, ஏதோ கேட்டார். இலகுவான தற்காலிகக் கட்டுமானம் என்று எழிலரசன் விளக்கினார்.

தமிழ் தெரியாத அந்தக் குழுவுக்காக எழிலரசன் இரண்டு மொழியிலும் பேசினார். இங்கிலீஷில் என்ன சொன்னார் என்பது ஊருக்குத் தெரியாது. தமிழில் சொன்னது இது.

“புயல் வந்தது. எங்கள் தோரணவாயில் வீழ்ந்தது. ஆனால் பயிர்கள் ஏன் அழுகின? மழையாலா? இல்லை. அறியாமையால்! வடிகாலில் அடைப்பு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று புயலுக்குப் பிறகும் நாங்கள் குறுஞ்செய்தி அனுப்பினோம். படித்தார்களா? படித்தும் செய்தார்களா? இந்த மக்களுக்கு இன்னும் பயிற்சி தேவை. குறைந்தது இன்னும் ஐந்தாண்டு தேவை. விவசாயி மாறாதவரை வானிலை மாறிக்கொண்டுதான் இருக்கும்!”

நடுவத்து ஊழியர்கள் கைதட்டினார்கள். விழா மேடையில் நின்ற செங்கமலத்தின் கையில் மைக் வந்தது. சொல்ல வேண்டிய அந்த ஒரு வரி வாயில் தயாராக இருந்தது. கீழே காசம்மாள், சொல்லு என்பதுபோல் கண்ணைக் காட்டினாள்.

“காத்து இல்ல” என்றாள் செங்கமலம்.

மைக்கை வாய்க்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“ஆர்ச்சக் காத்து தள்ளல. நான்தான் இடிச்சேன். வடிகால நாங்க அடைக்கல. இவுருதான் அடைச்சாரு. காரு திரும்ப எடம் வேணும்னு வாய்க்காலுக்குள்ள காலக் கட்டுனாரு. ஒடச்சு வுடுங்கன்னு போயி நின்னேன். பூவாளி குடுத்து அனுப்புனாரு. எம்பயிரு அழுவிப்பூட்சு. வந்து மோந்து பாருங்க, நாத்தம் இன்னும் போவல. எங்களுக்கு அறிவு இல்லன்னு சொல்றாரே, எங்க ஊட்டுச் சோத்துல மண்ணு போட எந்த ஊர்ல படிச்சாரு? மறுபடியும் அங்க ஆர்ச்சு வந்தா மறுபடியும் இடிப்பேன்.”

குழுவின் தலைவர் எழிலரசன் பக்கம் திரும்பினார். எழிலரசன் சிரித்த முகத்தோடு இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். குழு மலர்ந்தது. தலைவர் கைதட்டக் கையைத் தூக்கினார்.

அப்போது சுகன்யா முன்னால் வந்தாள். “ஐயா சொன்னது அவங்க சொன்னது இல்ல” என்று முதலில் தமிழில், ஊரைப் பார்த்துச் சொன்னாள். “இந்தத் திட்டம் எங்க வயலையே மாத்திடுச்சு, பெண்களுக்குப் புதுசா துணிச்சல் வந்திருக்குதுன்னு அக்கா நன்றி சொல்றதா சொல்றாரு.” பிறகு குழுவின் பக்கம் திரும்பி இங்கிலீஷில், செங்கமலம் சொன்னதைச் சொன்னாள். பூவாளி வரைக்கும் சொன்னாள். தலைவரின் கைகள் தட்டாமலே கீழே இறங்கின.

அவளுடைய ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது.

மதிப்பீட்டுக் குழுவின் முடிவு பொங்கல் கழித்து வந்தது. சமூகத்தின் குரல் திட்டத்தில் வலுவாக ஒலிப்பது மனநிறைவு தருகிறது என்றது. மக்களுக்கும் நடுவத்துக்கும் இடையே தகவல் தொடர்பில் சிறு இடைவெளி தெரிவதால் இன்னும் ஐந்தாண்டு பயிற்சி நடத்தலாம் என்றது. தோரணவாயிலை அதே இடத்தில், இந்த முறை உறுதியான அடித்தளத்தோடு அமைக்கலாம் என்றது.

நிவாரணத்தைப் பற்றியும் ஒரு முடிவு வந்தது. வாய்க்காலை அடைத்தது மனிதர் கட்டிய தூண்தான் என்று தோழியே பொதுமேடையில் சொல்லிவிட்டதால் பயிர் அழிந்ததற்குக் காலநிலை காரணமல்ல. ஆகவே நெட்டேரி நத்தத்துக்கு ஒன்றும் கிடையாது. பக்கத்து ஊர்களுக்குக் கிடைத்தது.

பாகூர் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆட்கள் வந்து செங்கமலத்தைக் கூப்பிட்டுப் போனார்கள். யார் இடித்தது என்று கேட்டார்கள். நான்தான் என்றாள். வேறு யார் இருந்தார்கள் என்று கேட்டார்கள். நான்தான் என்றாள். புகழ்வேந்தன் ஷிப்டுக்குப் போகாமல் ஸ்டேஷன் வாசலில் நின்று கூட்டிவந்தான். வீட்டில் இறங்கியபோது, “சரியாத்தான் சொன்ன” என்று மட்டும் சொன்னான்.

ஊர் அப்படிச் சொல்லவில்லை. கடையில் பேச்சு அவளைக் கண்டதும் நின்றது. ‘வாய வச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம்’ என்று அவள் காதுபட ஒருத்தர் சொன்னார். காசம்மாள் வரப்பில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். செங்கமலத்துக்கு அதுதான் ஆறவில்லை. அவர்கள்மேல் கோபப்படவும் முடியவில்லை. போனது அவர்கள் சோறு.

மாசியில் ஒரு காலை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது ஊர் முகப்பிலிருந்து ஜேசிபி சத்தம் கேட்டது. கம்பி ஏற்றிய லாரியும் கூடவே வந்திருந்தது. வாளியை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் யார் வருவார்கள்? தனியாகவே போய் நிற்பது, நகர மறுப்பது, மறுபடியும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால் போவது என்று மட்டும் மனசுக்குள் இருந்தது.

ஜேசிபி வாய்க்கால் கரையில் உறுமிக்கொண்டு நின்றது. அதன் கை அந்தரத்தில் இருந்தது. டிரைவர் எட்டிப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தான், “ஆயிரம் வேலை கெடக்குதுக்கா. எழுந்து வாக்கா.”

ஜேசிபியின் வாளிக்கு நேர் கீழே, வாய்க்காலின் நடுவில், காசம்மாள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செங்கமலத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னாடி இம்மாந் நேரம்?”

செங்கமலம் இறங்கிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மண் இன்னும் ஈரமாக இருந்தது. டிரைவர் யாருக்கோ போன் போட்டான். எதிர்முனையில் யாரோ நீளமாகப் பேசுவது இங்கே வரைக்கும் கேட்டது. அவன் “சரி சார், சரி சார்” என்றான். அப்புறம் தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தான். போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு இன்ஜினை அணைத்தான்.

“நவுந்து குந்துடி” என்றாள் காசம்மாள். “பின்னால ஆளுங்க வந்துகினு இருக்குது.”